இங்கிலீஷைக் கூறு போட்ட ஏழுபங்கு

தாமிரபரணிக்குத் தெற்கே ஏழுபங்கு என்று ஓர் ஊர் இருக்கிறது. கண்டக்டரிடம் கேட்டால், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "அப்படி ஒரு ஊரா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார். ஊரில் ஏழு வகையறா. எது வந்தாலும் ஏழாகக் கூறு போட்டால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். குளம் வற்றும்போது பிடிக்கிற மீன் ஏழு கூறு. ஊர்ப் புளியமரத்தை உலுக்கினால் ஏழு கூறு. கோயில் கொடைக்கு வெட்டின கிடாயும் அப்படித்தான். கூறு போட்டு மிச்சம் விழுந்தால் அது கரையடி மாடன் கோயிலுக்கு. மீனோ கிடாயோ, தலை மட்டும் நாட்டாமைக்கு. இந்தச் சட்டத்தை எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. எழுதத் தெரிந்தவர் அந்த ஊரில் இருந்ததாகவும் தகவல் இல்லை.

ஒரு தடவை ஊருக்குப் பொதுவாக ஒரு டிவி வந்தது. கூறு போட்டதில் கண்ணாடிப் பக்கம் பிச்சக்கண்ணுக்கு விழுந்தது, ரிமோட் கொம்பையாவுக்கு. சாயங்காலமானால் கொம்பையா தன் வீட்டில் உட்கார்ந்து பட்டனை அமுக்குவார். பிச்சக்கண்ணு தெற்குத் தெருவில் தன் வீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்ப்பார். "இன்னிக்கு ஒண்ணும் நல்ல படம் இல்லவே" என்று இரண்டு பேரும் மறுநாள் பேசிக்கொள்வார்கள்.

இந்தக் கொம்பையாவுக்கு ஒரே மகள், பூங்கனி. நல்ல பெண். டவுனில் மாப்பிள்ளை பேசி முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணம்தான் நடந்தபாடில்லை. காரணம் ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் கிடந்த ஓடை. மாப்பிள்ளையின் தாய்மாமன் பரமகுரு நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது அந்த ஓடையில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, நடுவழியில் ஒரு புதுச் செருப்பைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டார். கரையேறினதும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளை காரு நனையாம பொண்ணு வீட்டு வாசல்ல வந்து நிக்கணும். பாலம் வரட்டும், கல்யாணத்த வைப்போம். இன்னும் மூணு தை வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல எங்களுக்கு வேற எடமும் இருக்கு."

அன்றிலிருந்து கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. பாலம் வேண்டும் என்று ஊர் ஏற்கெனவே ஒன்பது வருஷத்தில் பதினோரு மனு கொடுத்திருந்தது. மனுக்களும் ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்குக் ஜாகை மாறிப் போய்க்கொண்டே இருந்தன. கெடுவின் கடைசி ஐப்பசியில்தான் ஒரு நல்ல சேதி வந்தது. பெரிய அதிகாரி ஒருவர் நேரிலேயே வந்து ஓடையைப் பார்க்கப் போகிறாராம். விசாரிக்கப் போன கொம்பையாவிடம் ஆபீஸ் கிளார்க் விவரம் சொன்னார்.

"அவரு வடக்க உள்ளவரு. தமிழ் தெரியாது, இங்கிலீஷ்தான். வெள்ளிக்கிழமை வாராரு. உங்க ஊர்ல என்னென்ன இல்லேன்னு இங்கிலீஷ்ல நாலு வார்த்த சொல்லத் தெரிஞ்சாப் போதும், பாலம் வந்திரும்."

"நீங்க கூட வந்து சொல்லக் கூடாதா சார்?"

"வெள்ளிக்கிழமை நான் லீவு" என்றார் கிளார்க். எந்தக் கிழமையைச் சொல்லிக் கேட்டாலும் அவர் அன்றைக்குத்தான் லீவாக இருப்பார்.

ஏழு வகையறாவின் பெரியவர்களான ஏழு தலைக்கட்டுகளும் கூடிப் பேசி, டவுனில் ட்யூட்டோரியல் நடத்துகிற பியூலா டீச்சரிடம் போனார்கள். வெள்ளிக்கிழமை தனக்குப் பரீட்சை வேலை இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் மூன்று நாள் சாயங்காலம் வந்து சொல்லித் தருகிறேன் என்றாள் அந்தப் புண்ணியவதி. எந்த அளவுக்கு இங்கிலீஷ் வேண்டும் என்று கேட்டாள்.

"இல்லங்கிற இங்கிலீஷ் மட்டும் போதும் டீச்சரம்மா" என்றார் கொம்பையா. "இருக்குங்கிற இங்கிலீஷ் எங்களுக்கு வேண்டாம். எங்க ஊர்ல அதுக்கு வேலை இல்ல."

டீச்சருக்கு இது நியாயமாகப் பட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையைக் கடந்து வந்து, பள்ளிக்கூட வராந்தாவில் ஏழு பேரையும் உட்காரவைத்து, ஒரு பெரிய காகிதத்தில் பதினைந்து வார்த்தைகளைத் தமிழ் எழுத்திலேயே கொட்டை கொட்டையாக எழுதி மாட்டினாள்.

"பாஸிபிள்னா முடியும். முன்னால இம் சேத்தா இம்பாஸிபிள், முடியாது. சேஃப்னா பத்திரம். அன்சேஃப்னா ஆபத்து. கன்வீனியன்ட்னா வசதி, இன்கன்வீனியன்ட்னா வசதி இல்ல. ரெகுலர்னா ஒழுங்கு, இர்ரெகுலர்னா ஒழுங்கு இல்ல. புரியுதா அண்ணாச்சி?"

"புரியுது" என்றார் பிச்சக்கண்ணு. "ஒரே ஒரு சந்தேகம். எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இம் போட்டா என்ன? ஒண்ணுக்கு அன், ஒண்ணுக்கு இன், ஒண்ணுக்கு இர். வெள்ளைக்காரனுக்கு வேற சோலி இல்லையா?"

"அந்தந்த வார்த்தைக்கு எது ஒத்து வருமோ அதத்தான் வைக்கணும்."

"ஜாதகப் பொருத்தம் மாதிரி" என்று கொம்பையா பெருமூச்சு விட்டார். அவருக்கு அந்த நேரத்தில் எல்லாமே கல்யாணமாகத்தான் தெரிந்தது.

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று டீச்சர் சிரித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் தெளிவாக விளங்கட்டும் என்று ஒரு வாக்கியம் சேர்த்தாள். "இந்த அன், இன், இம் எல்லாம் வார்த்தைக்குத் தலை மாதிரி."

தலை என்ற சொல் காதில் விழுந்ததும் ஏழு தலைக்கட்டில் ஆறு பேர் திரும்பி ஏழாமவரான நாட்டாமை சொள்ளமுத்துவைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டார். என்ன நடந்துவிட்டது என்று பாவம் டீச்சருக்குத் தெரியாது.

அவள் ஓடையைத் தாண்டிப் போன மறு நிமிஷம் காகிதத்தைத் தரையில் விரித்துக் கூறு போட ஆரம்பித்தார்கள். மீன் வெட்டுகிற அரிவாள்மணை வந்தது. பதினைந்து வார்த்தை, ஏழு பங்கு. ஆளுக்கு இரண்டு போக மிச்சம் ஒன்று கோயிலுக்கு. சாமிக்கு எடுத்து வைத்தது அன்லிமிடெட். அளவே இல்லாதது சாமிக்குத்தான் தகும் என்று எல்லாரும் ஒரே மனதாக ஒப்புக்கொண்டார்கள். அதில் மட்டும், கோயில் பங்கை வாங்க வந்திருந்த பூசாரி மாடக்கண்ணு ஒரு கேள்வி கேட்டார்.

"சாமி வார்த்தைக்கும் தலைய வெட்டணுமா?"

"சாமி கிடாய்க்கு வெட்டுதோம்லா?" என்றார் நாட்டாமை.

வெட்டினார்கள். பதினைந்து தலைகளும் நாட்டாமையின் வெற்றிலைப் பெட்டிக்குள் போயின. உடம்புகளுக்குத் திருவுளச்சீட்டுப் போட்டார்கள். கொம்பையாவுக்குப் பாஸிபிளும் ஹேப்பியும் விழுந்தன. ஆவுடையப்பனுக்கு சேஃப், லீகல். பிச்சக்கண்ணுக்குக் கன்வீனியன்ட் விழுந்ததில் மற்றவர்களுக்கு உள்ளூரப் பொறாமை. அது நல்ல நீளமான வார்த்தை, சதைப்பிடிப்பானது. அவரவர் வார்த்தையை அவரவர்தான் சொல்லலாம், அடுத்தவன் பங்கில் வாய் வைக்கக்கூடாது என்று முடிவாயிற்று. இனிமேல் ஏழுபங்கில் ஒருவர் ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேச வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

மறுநாள் டீச்சர் வந்து, "எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க பாப்போம்" என்றாள். நாட்டாமை தலைகளைச் சொன்னார். மற்றவர்கள் அதன் பின்னால் அவரவர் உடம்புகளைச் சொன்னார்கள். கும்பலாகக் கேட்டதில் பதினான்கு வார்த்தையும் சரியாகவே இருந்தது. கோயில் வார்த்தை ஒன்றுதான் வரவில்லை, அதை டீச்சர் கவனிக்கவில்லை. அவள் பூரித்துப்போய், அடுத்து உச்சரிப்புக்கு வந்தாள். வம்பு அங்கேயும் காத்திருந்தது.

"இம்பாஸிபிள்ல, 'பா'ங்கிற எழுத்த நல்லா அழுத்திச் சொல்லணும்" என்றாள். கொம்பையா இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திக்கொண்டு சொன்னார். மூன்றாம் தடவை அழுத்தும்போது மத்தியானம் சாப்பிட்டதும் கூடவே வந்தது.

"கண்ணாடி முன்னால நின்னு வாய் எப்படிப் போகுதுன்னு பாத்துப் பழகுங்க" என்றாள். முகம் பார்க்கிற மாதிரி பெரிய கண்ணாடி ஊரில் முடிதிருத்துகிற கடையில்தான் உண்டு. ஏழு பேரும் போய் வரிசையாக நின்றுகொண்டார்கள். அந்த நேரம் பாதி சவரத்தில் இருந்த வெளியூர்க்காரர் ஒருவர் இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு கன்னத்தோடு எழுந்து போய்விட்டார்.

"வார்த்தைய நாள் பூரா வாயிலயே வச்சுக்கிட்டு இருங்க" என்றாள். பிச்சக்கண்ணு கன்வீனியன்ட்டை வாயில் வைத்துக்கொண்டு உதட்டை இறுக்க மூடிக்கொண்டார். திறந்தால் விழுந்துவிடும். சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கேட்டால் பதில் இல்லை. அவர் பெண்டாட்டி பயந்துபோய் பூசாரியைக் கூட்டி வந்தாள். மாடக்கண்ணு வேப்பிலையால் அரை மணி நேரம் அடித்து, "யாருடா நீ, பேரச் சொல்லு" என்று அதட்டியபோது, பிச்சக்கண்ணு தாங்கமாட்டாமல் "கன்வீனியன்ட்" என்றார். அப்படி ஒரு பேயை அதுவரை ஓட்டியதில்லை என்று பூசாரி இரட்டைத் தட்சிணை கேட்டார்.

ஆவுடையப்பன் பாடுதான் பெரிய பாடு. "சேஃப்ல கடைசில வர்ற எழுத்துக்கு, மேல்பல்லால கீழ் உதட்டக் கடிச்சுக் காத்த விடணும்" என்றாள் டீச்சர். ஆவுடையப்பனுக்கு மேல்பல்லே கிடையாது. அன்று ராத்திரிக்குள் ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும் என்று ஊர் கூடியது.

"பல்லு இருக்கிறவன் யாராவது வந்து அண்ணாச்சி உதட்டக் கடிச்சா என்ன?" என்றார் பிச்சக்கண்ணு.

"பங்காளி கடிக்கலாம். அடுத்த வகையறா கடிச்சாச் சண்டை வரும்" என்றார் நாட்டாமை.

கடைசியில், ஆவுடையப்பன் "சே" வரை சொல்வது, பக்கத்தில் நிற்கிற அவர் தம்பி தன் உதட்டைக் கடித்து மீதியை முடிப்பது என்று ஏற்பாடாயிற்று. இப்போது அன்சேஃப் என்ற ஒரு வார்த்தைக்கு மூன்று ஆம்பளை வேண்டியிருந்தது. உழவுக்குக்கூட அவ்வளவு ஆள் தேவைப்படாது.

வெள்ளிக்கிழமை வந்தது. கொம்பையா விடியும் முன்னே குளித்து, பூங்கனி இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். "நல்லாச் சொல்லிருங்கப்பா" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு வருஷமாக வாய் திறந்து ஒன்றும் கேட்காத பெண் அது. கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடைக்கரை போய்ச் சேரும் வரை பாஸிபிள், பாஸிபிள் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

இந்தப் பதற்றத்தில் ஒன்றை மறந்துவிட்டார். ஊர்ப் பொதுக்காரியம் எதுவானாலும், யாருக்காக நடக்கிறதோ அவர் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் நாட்டாமை படியிறங்குவார்.

அதிகாரி தானே ஓட்டி வந்த ஜீப் அந்தக் கரையில் வந்து நின்றது. கையில் ஃபைலோடு, கிளிப்பச்சைச் சட்டையில் அவர் இறங்கினார். ஓடையில் இடுப்பளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கரையில் ஆறு பேரும் ஆவுடையப்பனின் தம்பியும் கைகட்டி நின்றார்கள். அதிகாரி குரலை உயர்த்தி என்னமோ கேட்டார். அதில் சேஃப் என்று ஒரு சொல் தெளிவாகக் கேட்டது.

"என் பங்கு, என் பங்கு" என்று ஆவுடையப்பன் முன்னால் பாய்ந்தார். "சே" என்றார். தம்பி "ஃப்" என்று ஊதினான். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அடுத்த கேள்வியில் கன்வீனியன்ட் வந்தது. பிச்சக்கண்ணு தன் வார்த்தையை வாயிலிருந்து ஒரு சேதாரமும் இல்லாமல் எடுத்து வைத்தார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. ஊர் மக்கள் எப்படி இருக்கிறீர்கள், ஹேப்பியா என்று கேட்டார். கொம்பையா, "ஹேப்பி" என்று ஊர் அதிரச் சொன்னார். அதிகாரி சிரித்தார். ஃபைலை மூடினார். பேனாவுக்கு மூடி போட்டார்.

மூடி போட்ட அந்தச் சத்தத்தில்தான் கொம்பையாவுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. பாலம் இல்லாத ஊரைப் பார்க்க வந்தவன் எதற்காக இவ்வளவு சந்தோஷமாகப் போகிறான்?

"ஏவே" என்றார் மெதுவாக. "நாம சொன்னதுல தலை எங்க?"

எல்லாரும் சுற்றிலும் பார்த்தார்கள். நாட்டாமை இல்லை.

கொம்பையா ஓடினார். நாட்டாமை வீட்டில் வெள்ளை வேட்டி உடுத்தி, வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, வாங்க. ஆபீசர் போகப் போறாரு. ஊர்ல எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிட்டாரு."

"தாம்பூலம் வைக்காத எடத்துக்கு நான் எப்படி வர? நான் வந்தாலும் தலைங்க வருமா?"

கொம்பையா தலையில் அடித்துக்கொண்டார். வெற்றிலை வாங்கக் கடைக்குப் போனால் ஜீப் போய்விடும். நாட்டாமையின் பெட்டியையே திறந்து, அவர் வெற்றிலையையும் அவர் பாக்கையும் எடுத்து அவர் கையிலேயே வைத்து, காலில் விழுந்தார். நாட்டாமைக்குத் திருப்தி. ஆனால் ஓட முடியாது, முட்டுவலி. கொம்பையா அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினார். மாடனே, இந்த ஊரில் வந்து பிறந்தோமே என்று அந்த ஓட்டத்தில் அவர் நினைத்திருக்கலாம். நினைத்ததாக அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கரைக்கு வந்தபோது அதிகாரி ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டார். கொம்பையாவுக்குப் பூங்கனியின் முகம் கண்முன் வந்து நின்றது. ஊராவது, பங்காவது. முதுகில் நாட்டாமையைச் சுமந்தபடியே, பிறந்ததிலிருந்து ஊர்க் கட்டுப்பாடு எதையும் மீறாத அந்த மனுஷன் தொண்டை கிழியக் கத்தினார்.

"இம்பாஸிபிள்."

அதிகாரி காலைக் கீழே இறக்கினார். கொம்பையாவின் முதுகில் ஒரு குத்து விழுந்தது.

"லே, அது என் தலைலே" என்றார் நாட்டாமை. "என்னக் கேக்காம எப்படி எடுத்த?" சொல்லிவிட்டு, தனக்குப் பாத்தியப்பட்டதை இனிமேலும் கைவிடக்கூடாது என்று பெட்டியைத் திறந்து, மிச்சம் இருந்த தலைகளில் கைக்கு வந்ததை எல்லாம் ஒரே மூச்சில் எடுத்து வீசினார். "அன், அன், இன், இர், இல், டிஸ், அன், இன்."

இது எந்த மொழி என்று அதிகாரிக்கு விளங்கவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு, சரியாகக் கேட்பதற்காக ஓடைக்கரைச் சரிவில் இரண்டடி இறங்கினார். இரண்டாவது அடி பாசியில். அடுத்த விநாடி கிளிப்பச்சைச் சட்டை தண்ணீருக்குள் இருந்தது. ஃபைல் ஒரு பக்கம் போனது, செருப்பு ஒரு பக்கம் போனது. கரையோரப் புதரைப் பிடித்துக்கொண்டு, "ஹெல்ப், ஹெல்ப்" என்று அலறினார்.

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஹெல்ப் யாரு பங்கு?" என்றார் ஆவுடையப்பன்.

"எனக்கு இல்ல. எனக்குக் கன்வீனியன்டும் கம்ப்ளீட்டும்தான்."

"கோயிலுக்குப் போனதோ?"

"கோயிலுக்கு அன்லிமிடெட்லா."

"அப்ப இது புது வார்த்த" என்றார் நாட்டாமை, கொம்பையாவின் முதுகில் இருந்தபடி. "பங்கு பிரியாத வார்த்தைல யாரும் கை வைக்கக் கூடாது. மொதல்ல சீட்டுப் போடணும். இதுக்குத் தலை இருக்கான்னும் பாக்கணும்."

"நான் எறங்கித் தூக்கட்டுமா?" என்றார் கொம்பையா.

"முதுகுல நான் இருக்கேன்லே."

சீட்டு எழுதக் காகிதம் தேடினார்கள். அதிகாரியின் ஃபைலே மிதந்து வந்து உதவியது. ஆனால் சீட்டுக் காய்வதற்குள் அவர் யார் தயவும் இல்லாமல் தானே தத்தளித்து இந்தக் கரையில் ஏறிவிட்டார். ஏறின பிறகுதான் ஜீப் அந்தக் கரையில் நிற்பது அவருக்கு நினைவு வந்தது. விருந்தாளியைத் திரும்பவும் நனைய விடலாமா? ஏழு வகையறாவும் அவரைப் பங்கு போட்டுத் தூக்கினார்கள். வலது கை பிச்சக்கண்ணுக்கு, இடது கால் ஆவுடையப்பனுக்கு. தலையை நாட்டாமை பிடித்துக்கொண்டார். நடு ஓடையில் நாட்டாமைக்கு மூக்கு அரித்தது, இரண்டு கையையும் விட்டுவிட்டார். அதிகாரியின் தலை மட்டும் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் போய் வந்தது.

பதினைந்தாம் நாள் பாலத்துக்கு உத்தரவு வந்துவிட்டது. பதினோரு மனு ஒன்பது வருஷமாகச் செய்யாததை நனைந்த பேன்ட் ஒன்று செய்துவிட்டது. டவுனில் பியூலா டீச்சரைப் பார்த்தபோது, எந்த வார்த்தை கை கொடுத்தது என்று அவள் ஆசையாகக் கேட்டாள்.

"நீங்க சொல்லிக் குடுக்காத வார்த்ததான் டீச்சரம்மா" என்றார் கொம்பையா. டீச்சரின் முகம் விழுந்துவிட்டது.

தை பிறக்கும் முன்பே பாலம் எழும்பிவிட்டது. தண்ணீர் போக எட்டுக் கண் வைத்த பாலம். எட்டை ஏழால் வகுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். வகையறாவுக்கு ஒரு கண், மிச்சம் ஒரு கண் கரையடி மாடனுக்கு. மாடக்கண்ணு அந்த இடத்தில் மஞ்சள் கோடு கிழித்து, கற்பூரம் காட்டி, ஒரு சூலத்தையும் நட்டுவிட்டார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் கார் பூச்சரம் தொங்க, மேளத்தோடு பாலத்தில் ஏறியது. முன்சீட்டில் பரமகுரு, நனையாத செருப்போடு. மஞ்சள் கோட்டில் பூசாரி கையை நீட்டிக் காரை நிறுத்தினார்.

"சாமி எடம். செருப்பக் கழட்டிட்டுப் போங்க."

பரமகுரு கழற்றினார். மாப்பிள்ளை கழற்றினான். டிரைவரும் கழற்றினான்.

"காருக்கு?" என்றார் பூசாரி.

"காருக்கு ஏதுவே செருப்பு?"

"அது எத வச்சுத் தரைல நடக்கு?"

பரமகுரு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. கொம்பையா ஓடி வந்து ஜாக்கியை வாங்கினார். நாலு சக்கரத்தையும் கழற்றி, மஞ்சள் கோட்டுக்கு வெளியே செருப்போடு செருப்பாக வரிசையாக வைத்தார்கள். ஏழு வகையறாவில் இருந்தும் நாற்பது பேர் வந்து, மாப்பிள்ளையோடு சேர்த்துக் காரைத் தோளில் தூக்கினார்கள். கோயில் கண்ணைத் தாண்டியும் இறக்கவில்லை, வீட்டு வாசலில் கொண்டுபோய்த்தான் இறக்கினார்கள். கார் நனையவில்லை. தரையைக்கூடத் தொடவில்லை. பரமகுருவால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

தாலி கட்டியாகிவிட்டது. கொம்பையா பந்தலுக்குப் பின்னால் போய்ச் சத்தம் வராமல் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பரிமாறினார்.

சாயங்காலம் டிரைவர் சக்கரத்தை எடுத்து வரப் போனான். நாலில் இரண்டுதான் இருந்தது. மற்ற இரண்டு இருந்த இடத்தில் பழைய மாட்டுவண்டிச் சக்கரம் இரண்டு கிடந்தது.

"கூட்டத்துல எவனாவது தெரியாம மாத்தி மாட்டிக்கிட்டுப் போயிருப்பான்" என்றார் பூசாரி. "கோயில் வாசல்னா இது சகஜந்தானே தம்பி."

டிரைவர் அந்த வண்டிச் சக்கரங்களை உருட்டிக்கொண்டு பந்தலுக்கு வந்து, காரையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இம்பாஸிபிள்" என்றான்.

பந்தலே திரும்பிப் பார்த்தது. வெற்றிலை மென்ற வாய்கள் அப்படியே நின்றன. அசலூர்க்காரன் ஒருத்தன், கேட்காமல் கொள்ளாமல், கொம்பையா பங்கையும் நாட்டாமை தலையையும் ஒன்றாக எடுத்துவிட்டான். நாட்டாமை துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். சம்பந்தி வீட்டு ஆளிடம் சண்டை வந்துவிடுமே என்று கொம்பையா இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றார்.

"வச்சுக்கிடட்டும் அண்ணாச்சி. எம் மக கல்யாணம் முடிஞ்சிட்டு. இனிமே எனக்கு அது எதுக்கு? சீரோட சீரா அதையும் எழுதிருவோம். தலைக்கு நீங்கதான் மனசு வைக்கணும்."

நாட்டாமை துண்டை மறுபடியும் தோளில் போட்டார். பிறகு வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, இம் என்று எழுதின காகிதத் துண்டை எடுத்து, "பூங்கனிக்கு என் கல்யாணச் செய்முறையா இருக்கட்டும்" என்று பரமகுருவின் கையில் வைத்தார். கொம்பையா வீட்டுக்குள் போய் மிச்சத் துண்டைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார். சீர்ப் பட்டியலை உரக்கப் படித்தார்கள். கட்டில் ஒன்று, பீரோ ஒன்று, குத்துவிளக்கு இரண்டு, இம்பாஸிபிள் ஒன்று.

பரமகுரு எந்தச் சீரையும் தட்டிப் பார்க்காமல் வாங்குகிற ஆள் இல்லை. துண்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது புதுசா, பழசா?"

"புதுசுதான் சம்பந்தி" என்றார் கொம்பையா. "ஆபீசர் முன்னால ஒரே ஒரு தடவ எடுத்தேன். உடனே தொடச்சு வச்சிட்டேன்."